தர்காவுக்கு நான் பதிச்ச கல்லு

உக்காருங்க சார். உங்க பாத்ரூம் டைல்ஸ் குடோன்ல இருந்து ஏறி வர எப்படியும் அரை மணி நேரம் ஆகும். செல்வி, சாருக்கு ஒரு டீ சொல்லும்மா. நீங்க அந்தச் சாம்பல் கலர்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறீங்க, நான் வேணாங்கல. சோப்புத் தண்ணி பட்டா வெள்ளை வெள்ளையாப் படியும், அப்பறம் என்னைய வையக்கூடாது.

எதப் பாக்குறீங்க? அந்தப் போட்டோவா? கிட்டப் போயிப் பாருங்க. நடுவுல சால்வ போட்டு நிக்கிறது நாந்தான். இடது பக்கம் தாடி வச்சு, தொப்பி போட்டு நிக்கிறாரே, அவருதான் நத்தர்சா. வாய்க்கால் தர்காவப் பாத்துக்கிட்டவரு, வீடும் அந்தக் கரையிலதான். அவரு கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன் எங்க அக்கா மகன், தினேசு. பேப்பர்ல வந்த போட்டோ சார் அது. நம்ம ஊரப் பாத்து எல்லா ஊரும் கத்துக்கணும்னு எழுதியிருந்தாங்க. நாந்தான் பெருசு பண்ணி பிரேம் போட்டேன்.

அந்த நத்தர்சாதான் இன்னைக்கு என்கிட்டப் பேசறதில்ல. நீங்க வெளியூரு, யாரு பக்கமும் சாயாமச் சொல்லுவீங்க. கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க.

அவரு இவருன்னு உங்களுக்காகச் சொல்றேன். எங்களுக்குள்ள வாடா போடாதான். நான் அவன மாப்ளம்பேன், அவன் என்னைய மாப்ளம்பான். யாரு யாருக்கு மாப்ளன்னு எங்க ரெண்டு வீட்டுப் பொம்பளைகளும் சிரிப்பாங்க. மீசை முளைக்கிறதுக்கு முந்தின பழக்கம். மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் நேரா இங்கதான் வருவான். இந்த கவுண்டருக்குப் பின்னாடி உக்காந்து ரெண்டு பேரும் சாப்பாட்டத் தொறப்போம். எங்க வீட்டுக் கத்திரிக்காப் புளிக்கொழம்புன்னா அவனுக்கு உசுரு. அவன் பொண்டாட்டி ரமீசா வைக்கிற தால்ச்சா எனக்கு. அவன் தூக்குவாளி என் பக்கம், என் தூக்குவாளி அவன் பக்கம். கடையில எவ்வளவு கூட்டம் நின்னாலும் அந்த நேரம் நான் எந்திரிக்க மாட்டேன்.

தர்கா பெருசெல்லாம் இல்ல சார். வாய்க்கால் கரையில ஒரு வேப்பமரம், நாலு தூணு, மேல ஒரு சின்ன கும்மட்டம், நடுவுல மஸ்தான் கபரு, சமாதிதான். மஸ்தான்னா எந்த மஸ்தான், எந்த ஊரு, ஒருத்தருக்கும் தெரியாது. எங்கிருந்தோ நடந்து வந்தாரு, இங்க படுத்துட்டாரு, அவ்வளவுதான். வியாழக்கிழமை வந்தா ஊரே அங்கதான் நிக்கும். துலுக்க வீடு, இந்து வீடுன்னு யாரும் பாக்க மாட்டாங்க. எங்க வீட்டுக்காரி பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தா மாத்திரைக்கு முன்னாடி அங்கதான் தூக்கிட்டு ஓடுவா.

அந்தக் கபருக்கு ஒரு வழக்கம் உண்டு. இந்த ஊர்ல யாரு வீடு கட்டினாலும், அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டறப்ப முதல்ல வர்ற ஒரு கைப்பிடி மண்ண எடுத்துட்டுப் போயிக் கபரு மேல போடணும். நத்தர்சா பாத்தியா ஓதுவான். ஓதிட்டு, கபரு மேல கெடக்கிற மண்ணுல இருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கையில தருவான். அதக் கொண்டு வந்து வாணத்துல போட்டுட்டுத்தான் முதக் கல்லு வைப்பாங்க. மேலத்தெரு, கீழத்தெரு, காலனி, எல்லா வீட்டு மண்ணும் அங்க கெடந்துச்சு. பெருமாள் கோயிலுக்கு மடப்பள்ளி கட்டினப்பகூட பட்டரு ஒரு வாழை இலையில மண்ணு குடுத்துவிட்டாரு. இந்தக் கடைக்கும் போட்டிருக்கேன்.

அதனால கபரு எப்பவும் கரடுமுரடா, குமிஞ்சு போயிக் கெடக்கும். மழை பெஞ்சா சேறு. காத்தடிச்சா புழுதி. நமக்குத் தொழிலு இதுங்களா, பாக்கையில கை அரிக்கும். எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன், "மாப்ள, ஒரே ஒரு நாள் குடு, பளபளன்னு ஆக்கித் தர்றேன்"னு. அவன் சிரிப்பான். "வேணாண்டா, மஸ்தானுக்கு வழுக்கிரும்"பான். நல்ல கிண்டல்காரன் சார். இப்ப அந்தக் கிண்டலு இல்லாம இந்தக் கடை எனக்குக் கடையாவே இல்ல.

ரெண்டு வருசம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை விடியக்காலைல எவனோ ஓடி வந்து சொன்னான், தர்காவ ஒடச்சுட்டாங்கன்னு. சட்டை போடாமகூட ஓடினேன். கடப்பாரையப் போட்டுக் கபரத் தோண்டி, மண்ண வாய்க்கால் வரைக்கும் எறச்சிருந்தாங்க. பச்சைப் போர்வைய எரிச்சுட்டாங்க. கொடிய மரத்துல இருந்து அறுத்துப் போட்டுட்டாங்க. நத்தர்சா தரையில உக்காந்து, மண்ணுக்குள்ள இருந்து எரிஞ்ச துணித் துண்டு ஒவ்வொண்ணாப் பொறுக்கி மடியில போட்டுக்கிட்டிருந்தான். என்னைய நிமுந்து பாத்தான். "பாருடா மாப்ள"ன்னான். அவன் பக்கத்துல உக்காந்து அழுதுட்டேன். பொய் சொல்லல சார், பெத்த அப்பன் செத்தப்பகூட நான் அப்படி அழுகல.

எட்டு மணிக்கெல்லாம் பள்ளிவாசல் தெருவுல ஆளு கூடிட்டாங்க. இந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டுல அந்தப் பக்கத்து ஆளுக. கடையெல்லாம் சாத்தியாச்சு. போலீசு வண்டி வந்து நின்னுச்சு. ஒரு கல்லு விழுந்தா ஊரு பத்திக்கும். நான் அப்ப வர்த்தகர் சங்கத் தலைவரு. இப்பவும் நாந்தான். நாமதான எறங்கிப் பேசணும்? ரெண்டு பக்கமும் ஓடி ஓடிப் பேசினேன். "ஊரு ஒத்துமைதான் முக்கியம், ஒத்துமைதான் முக்கியம்"னு கத்திக் கத்தி தொண்டை கட்டிப்போச்சு.

அன்னைக்குப் பொழுது சாயிற நேரம் நத்தர்சா இங்க வந்தான். வந்தவன் அவனே ஷட்டரப் பாதி இறக்கினான். "மாப்ள, உன்கிட்ட மட்டும் சொல்றேன். ரமீசா பாத்திருக்கா. தொழுகைக்கு எழுப்பறதுக்கு முன்னாடி வாசலுக்கு வந்திருக்கா, வண்டிய ஓரங்கட்டிட்டு மூணு பேரு கடப்பாரையோட வாய்க்கால்ல கால் கழுவிக்கிட்டு நின்னிருக்கானுக. ஒருத்தன் உங்க அக்கா மகன்"னான்.

தினேசா? எங்க தினேசா?

"ஜமாத்துல சொல்லிட்டியா?"ன்னேன். சொல்லலன்னான். போலீசு? சொல்லலன்னான். "கேசு வேணாம் மாப்ள. உள்ள போட்டா வெளிய வரும்போது இன்னும் முறுக்கிக்கிட்டு வருவான். எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யச் சொல்லு. அந்த எறஞ்ச மண்ண அவனே கூட்டி அள்ளிக் கொண்டாந்து கபருல போடணும். அவன் கையால. நான் பக்கத்துல நின்னு பாத்தியா ஓதறேன். அதோட முடிஞ்சது, அதுக்கப்பறம் அவன் எனக்கும் மருமகன்தான்"னான்.

கேக்க லேசாத்தான் இருக்கு. ஆனா நெனச்சுப் பாருங்க. அவன் கூடையத் தூக்கிக்கிட்டு மண்ணு அள்ளினா ஊரு பாக்காதா? எங்க அக்கா மூஞ்சிய எங்க கொண்டுபோயி வச்சுக்குவா? புருசன் இல்லாதவ சார் அவ. அந்தப் பயலுக்கு அப்பத்தான் பொண்ணு பாத்துக்கிட்டிருந்தோம். யாரு செஞ்சா எவன் செஞ்சான்னு தோண்ட ஆரம்பிச்சா ஒத்துமைங்கிறது எங்க இருந்து வரும்? "சரி மாப்ள, நான் பாத்துக்கிறேன்"னேன். அவன் என் கையப் பிடிச்சு அழுத்திட்டுப் போனான். நான் பாத்துக்குவேன்னு நம்பித்தான் போனான். நானும் பாத்துக்கிட்டேன், இல்லைங்கல.

தினேசக் கூப்பிட்டு ஓங்கி ஒரு அறை விட்டேன். அழுதான். போன்ல யாரோ வீடியோ அனுப்புனானாம், ஆம்பளையா இருந்தா செஞ்சு காட்டுன்னானாம், இவனுக குடிச்சிருந்தானுகளாம். விவரம் தெரியாத பய சார், இருபத்தஞ்சு வயசுதான் ஆகுது. "இனி ஒரு வார்த்த வெளிய விடாத, மாமா இருக்கேன்"னு சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன்.

அடுத்த நாளே அமைதிக் குழுவக் கூட்டினேன். ஜமாத் பெரியவங்க, கோயில் தர்மகர்த்தா, சர்ச் பாதரு, எல்லாரும் வந்தாங்க. யாரோ வெளியூர்க்காரப் பயலுக வந்து செஞ்சுட்டுப் போயிட்டானுகன்னு பேசி முடிவு பண்ணினோம். அது நான் எடுத்துக் குடுத்த வார்த்ததான். எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு. வெளியூர்க்காரன்னு ஆனதும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சாங்க. நத்தர்சா மட்டும் என்னையவே பாத்துக்கிட்டிருந்தான். நான் கண்ணக் காட்டினேன், பேசாம இருன்னு. இருந்துட்டான்.

அப்பறம்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. ஒடஞ்சதப் பாக்கப் பாக்கத்தான ஜனங்களுக்குக் கோவம் வருது? ஒடஞ்ச அடையாளமே இல்லாமப் பண்ணிட்டா? கலெக்டர் ஆபீசுல பேச்சுவார்த்தைன்னு நத்தர்சாவையும் ஜமாத் ஆளுகளையும் கூப்பிட்டிருந்தாங்க. அவங்க அங்கிட்டுப் போன அன்னைக்கு, இங்கிட்டு என் மேஸ்திரிய ஆளுகளோட எறக்கினேன். சுத்தி கருப்பு கிரானைட்டு, மேல பச்சை மார்பிளு. அந்தப் பச்சை சாதாரணமாக் கெடைக்காது சார், எங்க வீட்டுப் பூசை ரூமுக்குன்னு எடுத்து வச்சிருந்தேன். தூக்கிக் குடுத்துட்டேன். மூட்டே தெரியாமப் பதிச்சாங்க. எறஞ்ச மண்ண என்ன பண்ணன்னு மேஸ்திரி கேட்டான். டிராக்டர்ல அள்ளி பைபாசு ரோட்டுப் பள்ளத்துல கொட்டச் சொல்லிட்டேன். அந்தி சாய முடிஞ்சிருச்சு. விளக்கப் போட்டுப் பாத்தா, அடடா, அரமனை மாதிரி.

நத்தர்சா வந்தான். வாசல்லயே நின்னுட்டான். அப்பறம் மெதுவா வந்து குனிஞ்சு கல்லத் தொட்டுப் பாத்தான். ஏதாவது நல்ல வார்த்த சொல்லுவான்னு நின்னுக்கிட்டிருக்கேன்.

"மண்ணு எங்கடா?"ன்னான்.

"அது எதுக்குடா இனிமே? சுத்தமாயிருச்சு பாரு"ன்னேன்.

அவன் அப்படியே கல்லுல கைய வச்சமேனிக்கு உக்காந்துட்டான். அலுப்பு போலன்னு நெனச்சேன். கலெக்டர் ஆபீசுன்னா நாள் முழுக்க நிக்க வச்சிருவாங்கல்ல.

மறுநா ஒத்துமைக் கூட்டம். பஸ் ஸ்டாண்டுல மேடை, ரேடியோ செட்டு, சாமியானா. புறா பறக்க விடணும்னு எவனோ சொன்னான்னு மதுரையில இருந்து புறா கொண்டாந்தோம். கூண்டத் தொறந்து விட்டா ஒண்ணும் பறக்கல, நேரா சாமியானா மேல ஏறி உக்காந்து எச்சம் போட ஆரம்பிச்சிருச்சு. ஜனங்க சிரிச்சாங்க. எத்தன நாள் கழிச்சு இந்த ஊரு சிரிக்குதுன்னு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நான் முக்கா மணி நேரம் பேசினேன். ரத்தம் எல்லாருக்கும் செவப்புதான்னு பேசினேன். கைதட்டுன்னா கைதட்டு.

கடைசியில எல்லாரும் கை கோத்து நிக்கணும். இங்கதான் சார் நான் ஒரு வேலை பண்ணேன். வாலிபர்கள் சார்புலன்னு சொல்லி தினேச மேடைக்கு ஏத்தினேன். ஏத்தி, நத்தர்சா கையில அவன் கையப் பிடிச்சுக் குடுத்தேன். எப்படி? பையன் மனசுலயும் உறுத்தும், நத்தர்சாவுக்கும் மனசு ஆறும், ஊருக்கும் ஒண்ணும் தெரியாது. வேற எவனுக்காவது இந்த யோசனை வருமா?

நத்தர்சா குனிஞ்சு அந்தக் கையப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தான். விரல மடக்கிப் பிடிக்கல. வயசாகுதுல்ல. தினேசு தலைய நிமுத்தவே இல்ல, அவனுக்கு மேடை புதுசு. போட்டோக்காரன் சிரிங்க சிரிங்கன்னு கத்தறான். ரமீசா முன்வரிசையில பொம்பளைகளோட உக்காந்திருந்தா, எந்திரிச்சு விறுவிறுன்னு போயிட்டா. தலைவலியாம்.

ஊரு அமைதியாயிருச்சு சார். ஒரு கடை கண்ணாடி ஒடையல, ஒருத்தன் மேல கேசு இல்ல. கலெக்டரே கையக் குடுத்துப் பாராட்டுனாரு. ஆனா மறுநா மத்தியானம் நத்தர்சா சாப்பிட வரல. மேலுக்குச் சொகமில்ல போலன்னு விட்டுட்டேன். அடுத்த நாளும் வரல. புளிக்கொழம்பு குடுத்துவிட்டேன், பாத்திரத்தக் கழுவித் திருப்பிக் குடுத்து அனுப்பிட்டாங்க. வெறும் பாத்திரமா வந்துச்சு. அந்த வீட்டுல இருந்து எங்க வீட்டுப் பாத்திரம் வெறுசா வந்ததே கெடையாது சார், ரெண்டு பேரிச்சம்பழமாவது உள்ள கெடக்கும். எங்க வீட்டுக்காரி அதக் கையில வச்சுக்கிட்டு அடுப்படியில நின்னு அழுதா. "என்ன செஞ்சுட்டு வந்தீங்க?"ன்னு என்னையக் கேக்குறா. என்னையப் போயி.

வீடு கட்டுறவங்க பழக்கத்துல கொஞ்ச நாள் மண்ணு கொண்டுபோனாங்க. போட எடமில்லையா, ஒரு பேப்பர்ல வச்சுக் கல்லு மேல வச்சுட்டு வந்தாங்க. கூட்டுறவங்க கூட்டித் தள்ளிருவாங்க. திருப்பித் தரவும் மண்ணு இல்ல. இப்பல்லாம் யாரும் கொண்டுபோறதில்ல. புது பிளாட்டுல வீடு கட்டறீங்களே, உங்களுக்கு யாராவது சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க. வியாழக்கிழமைக் கூட்டமும் அவ்வளவா இல்ல. துலுக்க ஆளுக மட்டும் வர்றாங்க. ஏன்னே தெரியல. இப்பத்தான பாக்க லட்சணமா இருக்கு?

ஒரு நாளு நத்தர்சா சாவிய ஜமாத்துல ஒப்படைச்சுட்டு, ரமீசாவக் கூட்டிக்கிட்டுக் கம்பத்துக்கு மக வீட்டுக்குப் போயிட்டான். பஸ் ஏறணும்னா என் கடையத் தாண்டித்தான் போகணும். தாண்டித்தான் போனான்.

இந்தா டீ வந்துருச்சு, குடிங்க.

போன ஆவணியில தினேசுக்குக் கல்யாணம் முடிவாச்சு. பின்பக்கம் ஒரு ரூம்பு எடுத்துக் கட்டலாம்னு வாணம் தோண்டினோம். பாதி வேலையில பயலக் காணோம். தர்காவுல உக்காந்திருக்கான்னு போன் வருது. மறுபடி என்ன வினையோன்னு வண்டிய எடுத்துக்கிட்டு ஓடினேன். ஒருத்தரும் இல்ல. இவன் மட்டும் கபருக்கு முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்திருக்கான். மடியில துண்டு. துண்டுல மண்ணு.

"எங்க மாமா போடறது?"ன்னான்.

"என்னத்தடா?"

"சுத்திச் சுத்திப் பாத்துட்டேன் மாமா. ஒரு விரக்கட எடமில்ல. ஒரு ஓரத்துல ஒரே ஒரு கல்லப் பேத்துக்கட்டா? நானே பேத்துக்கிறேன்"ங்கிறான்.

பேக்கறானாம்! எனக்குக் கோவம் மண்டைக்கு ஏறிருச்சு. "ஒரு தடவ தோண்டினது பத்தாதாடா? எவனாவது பாத்தான்னா என்னடா ஆகும்?"னு கத்தினேன். அவன் ஏங்கி ஏங்கி அழறான் சார். "அவரு கையப் பிடிச்சதுல இருந்து எனக்கு நிம்மதியே இல்ல மாமா. அவரு ஒரு வார்த்த வஞ்சிருந்தாக்கூட தேவலாம். கம்பத்து அட்ரசக் குடுங்க, நான் போயிக் கால்ல விழுந்துட்டு வந்துர்றேன்"ங்கிறான். கல்யாணத்த வச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது? பொண்ணு வீட்டுக்காரன் காதுல விழுந்தா? நானே அந்தத் துண்ட வாங்கி வாய்க்கால்ல ஒதறிட்டு, அவன வண்டியில ஏத்திக் கொண்டுபோயி வீட்டுல விட்டேன். கல்யாணம் நல்லா நடந்துச்சு. ஆனா ஆளு முன்ன மாதிரி இல்ல, எதுலயும் பிடிப்பில்லாமத் திரியறான். என்ன கொறைன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறான்.

போன மாசம் மனசு கேக்காம நானே கம்பத்துக்குப் போனேன். தர்காவுல வருசக் கந்தூரி வருது, அதுக்கு நத்தர்சா இல்லாம எப்படி? ரமீசா வாங்கன்னா, அதோட உள்ள போயிட்டா. அவன் கட்டில்ல படுத்திருந்தான். ரொம்பத் தளந்துட்டான் சார். தாடியெல்லாம் வெள்ளை. "மாப்ள, வாடா போவோம். நீ இல்லாம எனக்குச் சோறு எறங்கலடா"ன்னேன். நெசமாத்தான் சொன்னேன். மத்தியானம் இப்பவும் நான் தனியாத்தான் உக்காந்து சாப்பிடறேன்.

அவன் மெல்ல எந்திரிச்சு உக்காந்தான். "மண்ணு அள்ள அவன் கையக் கேட்டேன் மாப்ள. நீ போட்டோவுக்குக் குடுத்துட்ட"ன்னான். இன்னும் அதையே பேசறான் பாருங்க. அப்பறம் என் கையப் பிடிச்சான். அந்தக் காலத்துல பிடிப்பானே, அதே மாதிரி. "உண்மையச் சொல்லு. அந்தப் பய அதுக்கப்பறம் ஒரு தடவையாவது அங்க வந்து நின்னானா? நின்னான்னு மட்டும் சொல்லு. இப்பவே உன்கூடப் பஸ் ஏறிர்றேன்"னான்.

நானும் யோசிச்சேன். எவ்வளவு பாடுபட்டு அமத்தி வச்சிருக்கோம். இப்ப இவன் ஊருக்கு வந்து, அவன் போயி இவன் கால்ல விழுந்து, நாலு பேரு ஏன் எதுக்குன்னு கேட்டு, எல்லாம் வெளிய வந்துருச்சுன்னா? ஊரு ஒத்துமைன்னு ஒண்ணு இருக்குல்ல சார்?

"இல்ல மாப்ள, வரல"ன்னு சொல்லிட்டேன்.

அவன் பிடிச்ச கைய விடல. கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருந்தான். அப்பறம் என் கைய எடுத்து என் மடியிலயே வச்சான். "சரிடா. நீ கெளம்பு. உனக்குக் கடைசி பஸ்சு போயிரும்"னான்.

மணி அப்ப மூணுகூட ஆகல சார்.